கடற்கரையில் ஒரு குளிர்ப் பிரதேசம்

அரசாங்கத்தின் வீட்டில் குடியிருக்கும் அரசாங்க ஊழியர் ஒருவருக்கு வெக்கை எடுத்தால், அவர் அதை மூன்று பிரதிகளில் எழுதி அறிவிக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு. வெக்கை எடுப்பதற்கு ஆறு மாதம் முன்பே அறிவிப்பது இன்னும் நல்லது. பதில் வருவதற்குள் மாரி மழை வந்துவிடும் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் சிரமம் இல்லை.

ஆதம்பாவா ஒழுங்கை மதிக்கிற மனிதன். கல்முனைக்குத் தெற்கே மூன்று மைல்கட்டை தள்ளி, பெரிய வீதிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எங்கள் ஊர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். மனைவி பெயர் சித்தி லைலா, இறக்காமத்துக்காரி. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் சீதன வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். லைலாவுக்கும் இறக்காமத்தில் நல்ல கல்வீடு இருந்தது. ஆனால் அங்கிருந்து பஸ் பிடித்து வந்து எட்டரைக்கு ஒப்பம் வைப்பது நடக்கிற காரியமில்லை. யானை றோட்டை மறித்ததால் சுணங்கினேன் என்று அவன் எழுதிக் கொடுத்த விளக்கத்துக்கு, யானையின் கையொப்பம் கேட்கவில்லையே தவிர, மற்ற எல்லாம் கேட்டார்கள். ஆகவே குவாட்டர்ஸ் கேட்டான். கொடுத்தார்கள்.

அந்த குவாட்டர்ஸின் வரலாறு இதுதான். பழைய குவாட்டர்ஸை எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கடலில் போட்டுவிட்டது. புதிதாகக் கட்டுவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு பிளான் வந்தது. அனுப்பியது தட்பவெப்பப் பிரிவு. அரசாங்க வீடுகளில் எவ்வளவு சூடும் எவ்வளவு குளிரும் இருக்கலாம் என்று தீர்மானிக்கிற இடம் அது. அங்கே எவனோ ஒருவன் மேசை லாச்சியை மாறித் திறந்து, மலைநாட்டு உத்தியோகத்தர்களுக்கு வரைந்து வைத்த பிளானை எடுத்து எங்களுக்கு அனுப்பிவிட்டான். வீடு அப்படியே எழும்பியது. ஆள் தலை நுழையாத சின்ன ஜன்னல்கள், அவற்றில் திறக்க முடியாத கண்ணாடி. கை தூக்கினால் முட்டுகிற சீலிங். விறாந்தை இல்லை. நடு அறைச் சுவரில் குளிர் காய்வதற்கு ஒரு நெருப்பு மாடம். அதிலிருந்து கூரைக்கு மேலே ஆறடி உயரத்துக்கு ஒரு புகைக்கூடு.

கட்டும்போதே நான், வேலையை மேற்பார்வை பார்த்த ஓவசியர் காலிதீனைக் கேட்டேன்.

"ஓவசியர், இது என்னத்துக்கு?"

"பிளானில கிடக்கு, காக்கா."

"இஞ்ச ஆருக்குக் குளிருது?"

"பிளானில கிணறு கடலுக்குள்ள கிடந்தா நான் கடலுக்குள்ளதான் வெட்டுவன். எனக்குப் பென்சன் வேணும்."

நான் கல்முனை பஸாரில் ஃபேன், தண்ணி மோட்டர், அயன்பெட்டி திருத்துகிற கடை வைத்திருக்கிறேன், பெயர் அச்சிமுகம்மது, ஊருக்குக் காக்கா, அதாவது அண்ணன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விலை பேசப் படித்தது மீன் வாடியில், அடி வாங்கி. அதனால் அரசாங்கப் பிழை ஒன்றைக் கண்டால் கோபம் ஒரு பக்கம் வரும், அதில் எனக்கு என்ன கிடைக்கும் என்ற யோசனை மறுபக்கம் வரும். கிடைத்தது. வருஷா வருஷம் புகைக்கூடு துப்புரவு செய்யும் கொந்தராத்து. மூட்டாத நெருப்பில் இருந்து வராத புகையைத் துடைக்கிற வேலை. முதல் வருஷம் உள்ளேயிருந்து இரண்டு காகக்கூடும் ஓர் அணிலும் வந்தன. பில்லில் 'கரி' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

மூன்றாம் வருஷம் சித்திரையில் லைலா அஞ்சு மாதப் பிள்ளைத்தாச்சி. ஒரு பகல், சோறு வடித்துக்கொண்டு நின்றவள் கிறுகிறுத்து விழுந்துவிட்டாள். காரைதீவிலிருந்து வருகிற மருத்துவிச்சி தங்கேஸ்வரி மிஸ்ஸி ஓடி வந்து பார்த்தாள். பிறகு லைலாவை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"இது வீடோ, பாண் சுடுற போறணையோ?" என்றாள். "ஆதம்பாவாத் தம்பி, புள்ள பெறுற நேரம் ஆவணி. கச்சான் காத்து நெருப்பா வீசுற காலம். பெத்த பொறகு நாப்பது நாள் இந்த அறைக்குள்ளதான் கிடப்பா. ஃபேன் ஒண்டு போடுங்க. இல்லாட்டித் தாயும் புள்ளயும் அவிஞ்சு போகும். நான் சொல்லிப்போட்டன்."

ஆதம்பாவா என்னிடம் வந்தான்.

"ஒரு ஃபேன் தாறன், கொண்டு போய்க் கொழுவு. காசு மெல்லத் தா" என்றேன்.

"அப்பிடிக் கொழுவ ஏலா, காக்கா. அரசாங்கச் சீலிங்."

"அரசாங்கச் சீலிங்குக்குக் கீழதானே ஒண்ட பொஞ்சாதி விழுந்த?"

"ஒழுங்கா எழுதிக் கேட்டாத் தருவாங்க."

எழுதினான். மூன்று பிரதி. மூன்று வாரத்தில் பதில் வந்துவிட்டது, அதுவே ஒரு கெட்ட சகுனம். மேற்படி விடுதியில் ஏற்கெனவே ஒரு தட்பவெப்பச் சாதனம் பொருத்தப்பட்டுள்ளதெனவும், சுற்றுநிருபத்தின்படி ஒரு விடுதிக்கு ஒரு சாதனமே அனுமதிக்கத் தக்கதெனவும், இரண்டாவதைப் பெறவேண்டின் முதலாவது பாவனைக்கு உதவாததென மூவர் கொண்ட சபையொன்றினால் உறுதிப்படுத்தப்படல் வேண்டுமெனவும் தயவுடன் அறியத் தந்திருந்தார்கள்.

"அப்ப நெருப்பு மாடம் உடைஞ்சதெண்டு எழுது" என்றேன்.

"உடையல்லியே."

"நான் இப்ப வந்து உடைச்சுத் தாறன்."

"அரச உடைமைக்குச் சேதம், காக்கா. பென்சன் போகும்."

இந்தக் கடற்கரையில் பென்சனுக்குப் பயந்து செத்தவர்களின் கணக்கை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் சூறாவளியை விடக் கூட வரும்.

சபை வந்தது. தலைவர் கொழும்பிலிருந்து வந்த உதவிப் பணிப்பாளர். கழுத்துப்பட்டி கட்டிய மெல்லிய மனிதர். கடிதத்தில் எழுதுவதைப் போலவே வாயாலும் கதைப்பார். மற்ற இருவர் எங்கள் காலிதீனும் களஞ்சியப் பொறுப்பாளர் அப்துல் ஹமீடும். துப்புரவுக் கொந்தராத்துக்காரன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போகும்போது ஒரு மேசை ஃபேனைக் கையில் கொண்டு போய், பல்ப் ஹோல்டரில் வயர் கொடுத்து, குசினி வாசலில் லைலாவுக்குச் சுற்றவிட்டேன். இரவல்தான். என் கடைச் சாமான்.

"சாதனம் இயங்குகின்றதா இல்லையா என்பதை இயக்கியே அறிதல் வேண்டும்" என்றார் உதவிப் பணிப்பாளர். "கதவுகளைச் சாத்துங்கள்."

வைகாசி வெயில், நேரம் பகல் பன்னிரண்டரை. கதவைச் சாத்தி, மாடத்தில் விறகும் தேங்காய்ச் சிரட்டையும் போட்டு மூட்டினார்கள். நெருப்புக்கு முன்னால் மூன்று கதிரை. மூன்று பேரும் மடியில் கோப்புகளை வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

ஆதம்பாவா என் காதில், "புகை மேல போகாம அறைக்குள்ள வந்தாப் போதும் காக்கா, பழுதெண்டு எழுதுவாங்க" என்றான்.

புகை போனது. நேராக, அழகாக, ஒரு நூல்கூட அறைக்குள் வராமல் போனது. என் ஆயுளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரேயொரு அரசாங்க வேலை அந்தப் புகைக்கூட்டுத் துப்புரவு. போன கிழமைதான் செய்திருந்தேன்.

பத்து நிமிஷம் போனது.

"வெப்பம் உணரப்படுகின்றதா?" என்று கேட்டார் தலைவர்.

"உணரப்படுது, சேர்" என்றார் ஹமீட். அவருடைய தாடியிலிருந்து வேர்வை சொட்டிப் பதிவேட்டில் மை கரைந்தது.

"காலிதீன்?"

"மிச்சம் நல்லா உணரப்படுது, சேர்."

"எனக்கும் உணரப்படுகின்றது. எழுதுங்கள். உறுப்பினர் மூவரும் வியர்த்தனர். சாதனம் செவ்வனே இயங்குகின்றது. பாவனைக்கு மிகவும் உகந்தது."

எழுதி முடிக்கும்வரை நெருப்பை அணைக்க விடவில்லை. அரைமணி நேரம் என்று விதியாம். அதற்கிடையில் ஆதம்பாவா எல்லோருக்கும் இஞ்சிப் பிளேன்ரீ கொடுத்தான். கொழும்பு மனிதர் மரியாதைக்காக அதையும் குடித்தார். அந்தச் சூட்டோடு எழும்பிக் கதவைத் திறந்தவருடைய முகத்தில் என் மேசை ஃபேனின் காற்று போய்ப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கடமை ஞாபகம் வந்தது.

"இது என்ன?"

"எண்ட ஃபேன், சேர்" என்றேன்.

"பதிவேட்டில் இருக்கின்றதா?"

ஹமீட் பார்த்தார். "இல்ல, சேர்."

"அரச கட்டடத்துள் காணப்படும், பதிவேட்டில் இல்லாத பொருள் யாவும் மேலதிக இருப்பு. பொறுப்பேற்றல் வேண்டும்."

"நான் இண்டைக்குக் காலையிலதான் கொண்டு வந்தன், சேர்."

"வாங்கிய பற்றுச்சீட்டு உள்ளதா?"

"நான் கடைக்காரன். பற்றுச்சீட்டுக் குடுக்கிறவன். எனக்கு நானே குடுக்கிறதா?"

"ஆகவே உரித்து நிரூபிக்கப்படவில்லை."

எனக்குக் கோபம் தலைக்கு மேலே ஏறிவிட்டது. "அப்ப இந்தச் செருப்பு? வரக்குள்ள உள்ளுக்குக் கழட்டி வெச்சன். இதுவும் மேலதிகமா?"

அவர் செருப்பைப் பார்த்தார். ஹமீடைப் பார்த்தார். ஹமீட் பேனையைத் திறந்து 'ஒரு சோடி' என்று எழுதத் தொடங்கினார். நான் பாய்ந்து போய்ச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டேன். ஃபேனைக் காலில் மாட்ட முடியாது. அது ஜீப்பில் ஏறிப் போனது. குசினி வாசலில் லைலா ஓலைப் பெட்டி மூடியை எடுத்து விசிறிக்கொண்டு, யாரையும் ஏசாமல் இருந்தாள். ஏசியிருந்தால் எனக்கு நெஞ்சு ஆறியிருக்கும்.

இந்த அளவோடு இது அரசாங்கத்தின் மடத்தனமாகவே முடிந்திருக்கும். நாங்களும் தேத்தண்ணிக் கடையில் இருந்து சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் அன்று மதிலுக்கு வெளியே ஊரில் பாதி நின்றது. அவர்கள் கண்டது என்ன? கூரைக்கு மேலே புகை. கண்ணாடி ஜன்னலுக்குள்ளே கழுத்துப்பட்டி கட்டிய பெரிய மனிதர் நெருப்புக்கு முன்னால் கதிரை போட்டுப் பிளேன்ரீ குடிக்கிறார்.

அடுத்த கிழமையே கலந்தர் ஹாஜியாரின் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார், சீதன வீட்டுக்குப் புகைக்கூடு உண்டா என்று கேட்டு அனுப்பினார்கள்.

அதுவரை எங்கள் ஊர் மாப்பிள்ளைகள் கேட்டு வந்தவை எனக்கு வரிசையாகத் தெரியும். முதலில் கல்வீடு கேட்டார்கள். பிறகு கல்வீட்டுக்கு மதில். ஜித்தாவுக்கு ஆள் போகத் தொடங்கிய பிறகு சுவருக்குப் பச்சை மாபிள். இப்போது புகைக்கூடு. ஹாஜியார் கட்டினார். அவர் கட்டியதைக் கண்டு எதிர் வீட்டார் கட்டினார்கள். மூன்று மாதத்துக்குள் எங்கள் கடற்கரை ஓரம் ஏதோ ஆலைகள் நிற்கிற இடம் போல ஆகிவிட்டது. சில வீடுகளில் கூரைக்கு மேலே மட்டும் புகைக்கூடு, கீழே மாடம் கிடையாது. ஒரு வீட்டில் மாடத்துக்குள் ரேடியோ கசற் வைத்து, சிவப்புப் பல்ப் எரித்தார்கள். இவ்வளவுக்கும் அந்த வீடுகளின் பின்னால், ஓலைக் குசினிக்குள், பெண்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் சோறு சமைத்தார்கள்.

"இதைக் குசினிக்கு மேல கட்டினா ஒங்கட பொஞ்சாதிட கண்ணுக்கு நல்லம்" என்று ஹாஜியாரிடம் சொன்னேன்.

"குசினி பின்னாலயல்லோ கிடக்கு. றோட்டில போறவன் காணுவானா?" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டு மேசன்மாரைப் பிடித்து ஏழு புகைக்கூடு கட்டிக் கொடுத்தேன். புகைக்கூடு கட்டத் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர். பழுதானால் திருத்துவதற்கும் நான்தான். எரியாத ஒன்று பழுதாவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வருஷத் துப்புரவுக்கும் பேசிவிட்டேன்.

பிறகு என் மகள் பரீனாவுக்குச் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தி. நல்ல பொடியன். அவனுடைய உம்மா நஸீறாதான் கதைக்கிற ஆள். குவாட்டர்ஸுக்கு அடுத்த வளவில் நான் பரீனாவுக்கு வீடு கட்டி முடித்திருந்தேன். பெரிய ஜன்னல், நாலு பக்கமும் காற்று, அறைக்கு ஒரு சீலிங் ஃபேன். நஸீறா வந்து சுற்றிப் பார்த்தாள்.

"எல்லாம் வடிவுதான், அச்சிமுகம்மது. கூரைதான் மொட்டையாக் கிடக்கு."

"கூரை மொட்டையா இரிக்கிறதுதான் கூரை, ராத்தா."

"ஊருக்கெல்லாம் கட்டிக் குடுத்துப்போட்டு, சொந்தப் புள்ளைக்கு மட்டும் இல்லியா? எண்ட மகனை என்னெண்டு நினைச்ச?"

"ஒரு ஃபேன் கூடப் போடுறன். பிறிட்ஜ் ஒண்டு தாறன்."

"பிறிட்ஜ் ஆருக்குத் தெரியும், வீட்டுக்குள்ள?"

மீன் வாடியில் படித்த வித்தை எல்லாவற்றையும் அவளிடம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஏசி விரட்டவும் எழும்பினேன். உள் வாசலில் பரீனா நின்றாள். இருந்துவிட்டேன். அந்தக் கிழமையே கட்டினேன். எட்டாவது. எல்லாவற்றிலும் ஒரு முழம் உயரமாக.

இதற்கிடையில் ஆதம்பாவா மேன்முறையீடு செய்திருந்தான். இது குளிர்ப் பிரதேசம் அல்ல, பிளான் பிழையாக வந்தது, சாதனத்தைக் கழித்துவிட்டு மின்விசிறி தருக என்று. பதில் வந்தது: உதவிப் பணிப்பாளர் நேரில் வந்து பிரதேசத்தின் தட்பவெப்பத்தை விசாரணை செய்வார், வெப்பப் பிரதேசம் எனக் கண்டால் அன்றே மின்விசிறி பொருத்தப்படும், விசிறி ஜீப்பிலேயே வரும். லைலாவுக்கு அப்போது ஒன்பது மாதம். கால் இரண்டும் வீங்கி, குவாட்டர்ஸுக்கு வெளியே முருங்கை நிழலில் பாயைப் போட்டுப் பகல் முழுக்கக் கிடந்தாள்.

முதல் நாள் ஆதம்பாவா என்னிடம் வந்தான். "காக்கா, நாளைக்கு ஊராக்கள்ல ஒராள் சாட்சி சொல்லோணும். இது வெக்கையான இடம் எண்டு ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தையா? அந்த மனிசனுக்கு நான் ஒம்பது வார்த்தை சொல்லுவன்."

உதவிப் பணிப்பாளர் புதிய ஜீப்பில் வந்தார். ஜப்பான்காரன் செய்தது, உள்ளே ஏசி. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து எங்கள் ஊர்வரை குளிரக் குளிர வந்து, கோட்டுப் போட்டபடி இறங்கினார். கோப்பில் முதல் வரியை ஜீப்பிலேயே எழுதியிருந்தார்: பிரதேசத்தினூடான பயணத்தின்போது குளிர்மையே உணரப்பட்டது.

குவாட்டர்ஸுக்குள் போனார். ஜீப்பின் பின் சீட்டில் ஃபேன் பெட்டி கிடந்ததை ஆதம்பாவாவும் பார்த்தான், நானும் பார்த்தேன். அறைக்குள் லைலாவின் உம்மா, சபியா உம்மா, இறக்காமத்திலிருந்து வந்து பிள்ளைப்பேற்றுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். கட்டிலுக்குக் கீழே ஒரு பெரிய மண்சட்டி. பக்கத்தில் கரிச் சாக்கு, சாம்பிராணிப் பொட்டலம்.

"இது எதற்கு?" என்று கேட்டார்.

"நெருப்புச் சட்டி, மகன். புள்ள பெத்தவளுக்குக் கட்டிலுக்குக் கீழ அனல் வைக்கோணும். நாப்பது நாளைக்கு. இல்லாட்டி ஒடம்புக்குள்ள குளிர் ஏறிப்போடும்."

'குளிர்' என்ற சொல் காதில் விழுந்ததும் பேனை ஓடியது. "குடியிருப்பாளரின் தாயார், அரசு வழங்கிய வெப்பமூட்டும் சாதனம் போதாமையினால், இறக்காமத்திலிருந்து மேலதிக சாதனமொன்றைத் தம் செலவில் கொண்டுவந்துள்ளார்."

லைலாவைப் பார்க்க வந்திருந்த தங்கேஸ்வரி மிஸ்ஸிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அது பழைய வழக்கம். நானே வேணாமெண்டு சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். வெளிய வந்து வெயிலில நிண்டு பாருங்க. உடம்பு சொல்லும்."

"என் உடம்பு சாட்சியத்துக்கு உரியதன்று. பிரதேசவாசிகளின் வாழ்க்கை முறையே சாட்சியம்."

"அப்ப வெக்கைமானியாவது கொண்டு வந்தீங்களா?"

"அதற்கு வேறு பிரிவு உண்டு."

பிறகு அவர் வாசலில் நின்று கூரைகளைப் பார்த்தார். விரலால் எண்ணினார். பதினேழு புகைக்கூடு. ஆதம்பாவாவின் முகம் செத்துப்போனது. ஆனாலும் அந்த மனிதரில் நியாயம் ஒன்று இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

"இவை தனியார் பணத்தில் கட்டப்பட்டவை" என்றார். "குளிருக்காகக் கட்டினார்களா, வேறு காரணமா என்பதை உரிமையாளர் ஒருவரிடம் கேட்பேன். வேறு காரணம் என்று ஒருவர் சொன்னாலும் போதும், பதினேழையும் கழித்துவிட்டு மின்விசிறியைப் பொருத்துவேன்."

"இவரிட்டயே கேளுங்க, சேர்" என்று ஆதம்பாவா என்னைப் பிடித்து முன்னால் விட்டான். "இவர்ட மகள்ட வீடு பக்கத்திலதான். எல்லாத்திலயும் பெரிய புகைக்கூடு. காக்கா, சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். ஒன்பது வார்த்தையும் வரிசையாக வந்து தொண்டையில் நின்றன. அந்த நேரம் பார்த்து என் மகளின் வீட்டு வாசல் கடப்படியில் நஸீறா. கல்யாணத்துக்கு ஐந்து நாள். இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு புகைக்கூடு காட்ட வந்திருக்கிறாள். ஜீப்பைக் கண்டு, வேலிக் கரைக்கு வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு காதைக் கொடுத்தாள்.

"பெயர்?" என்றார் உதவிப் பணிப்பாளர்.

"அச்சிமுகம்மது."

"உமது மகளின் வீட்டுக்குப் புகைக்கூடு கட்டியது எதற்காக?"

சம்பந்திக்காரிக்காக என்று சொல்ல வேண்டும். ஊருக்குக் காட்டுவதற்காக என்று சொல்ல வேண்டும். சொன்னால், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பவுசு பிடித்ததென்று கொழும்புக் கோப்பில் ஏறும். நஸீறா அந்த இடத்திலேயே திரும்பிப் போவாள். பரீனாவுக்குத் தைத்த உடுப்பெல்லாம் பெட்டிக்குள் கிடக்கும். முருங்கை நிழலில் பாயில் கிடந்த லைலா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"குளிர், சேர்" என்றேன்.

"சரியாகக் கேட்கவில்லை."

"குளிருது, சேர். கடற்கரையல்லோ. விடியக்குள்ள மிச்சம் குளிரும்."

என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை அவருடைய தாளில் விழுந்தது. அவர் அதை ஒற்றுத்தாளால் ஒற்றிவிட்டு, அதற்கு மேலேயே என்னிடம் ஒப்பம் வாங்கினார். நஸீறா பக்கத்துப் பெண்ணிடம், "நான் சொல்லல்லியா? எங்கட சம்பந்தி வெசயம் தெரிஞ்ச மனிசன்" என்றாள்.

ஃபேன் பெட்டி கட்டு அவிழ்க்காமலே கொழும்புக்குத் திரும்பிப் போனது.

தங்கேஸ்வரி மிஸ்ஸி அன்றைக்கே ஒரு ஹயரிங் கார் பிடித்து, சபியா உம்மா ஏச ஏச, லைலாவைக் காரைதீவில் தன் வீட்டுக்குக் கொண்டு போனாள். அங்கே ஜன்னல் திறக்கும், ஃபேனும் உண்டு. நாலாம் நாள் பெண்பிள்ளை பிறந்தது. குடியிருப்பாளர் குவாட்டர்ஸில் இல்லாத காரணத்தைக் கந்தோர் கேட்டது. ஆதம்பாவா எழுதியது எதுவும் படிவத்துக்குள் அடங்கவில்லை என்று அவர்களே நிரப்பிக்கொண்டார்கள்: 'குளிர் தாங்காது இடம்பெயர்ந்தார்.'

பரீனாவின் கல்யாணம் சிறப்பாக நடந்தது. மாப்பிள்ளை வாத்தி நெருப்பு மாடத்துக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து படம் எடுத்துக்கொண்டார். அவருடைய கோட்டு முதுகில் நனைந்திருந்தது படத்தில் விழவில்லை.

பிறகுதான் கொழும்பிலிருந்து தீர்மானம் வந்தது. என் சாட்சியத்தையும் பதினேழு புகைக்கூட்டையும் ஒரு சட்டியையும் ஆதாரமாகக் கொண்டு எங்கள் ஊர் குளிர்ப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. குளிர்ப் பிரதேசத்தில் மின்விசிறி வீண்விரயம் என்பதால் பள்ளிக்கூடத்தில் இருந்த நாலும், டிஸ்பென்சரியில் இருந்த இரண்டும், கந்தோரில் ஆதம்பாவாவின் தலைக்கு மேலே இருந்த ஒன்றும் கழற்றப்பட்டன. கழற்றும் கொந்தராத்து எனக்குத்தான் வந்தது. செய்தேன். ஊர் கொதித்தது. பள்ளிவாசலில் கூடினார்கள், மகஜர் எழுதினார்கள், இது என்ன அநியாயம், எங்கட புள்ளைகள் அவியுதுகள் என்று ஒவ்வொருத்தனும் எழும்பிக் கத்தினான். அதிகம் கத்தியது கலந்தர் ஹாஜியார். மகஜரில் இருநூறு ஒப்பம்.

மகஜர் கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள், குளிர்ப் பிரதேச மக்களுக்கான நிவாரணம் என்று லொறியில் கம்பளிப் போர்வை வந்தது. வீட்டுக்கு ஒன்று. புகைக்கூடு உள்ள வீடு கடுங்குளிருக்கு உட்பட்டது என்பதால் இரண்டு.

மகஜரை ஒருவரும் பிறகு காணவில்லை.

புரட்டாசி மாதம், பகல் பதினொரு மணி, கந்தோர் வளவில் மணல் காலைச் சுட்டது. இருநூறு பேரும் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் ஹாஜியார், தோளில் துவாயைப் போட்டுத் துடைத்துத் துடைத்து நின்றார். மேசைக்குப் பின்னால் ஆதம்பாவா. பதிவேட்டில் 'பெறுவதற்கான காரணம்' என்ற நிரலில் 'குளிர்' என்று எல்லா வரியிலும் முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். அதற்கு நேரே ஒப்பம் மட்டும் வைத்தால் போதும். ஒருவன் கூட வைக்காமல் போகவில்லை.

என் முறை வந்தது. ஆதம்பாவா தலை நிமிரவில்லை.

"புகைக்கூடு உள்ள வீடா?"

"ஓம்."

"அப்ப ரெண்டு. இதில வைங்க."

வைத்தேன். "புள்ள சுகமா?" என்று கேட்டேன்.

"காரைதீவில சுகம்" என்றான். இரண்டு போர்வையை எடுத்து என் முன்னால் போட்டான். தொடவே கை வேர்த்தது. நல்ல கம்பளி. சந்தையில் விற்றால் மலைநாட்டுக்குப் போகிற யாவாரி வாங்குவான்.

"ஆதம்பாவா, மகள்ட வீடு வேற, எண்ட வீடு வேறயல்லோ" என்றேன். "எண்ட வீட்டுக்கு ஒண்டு வரோணும். மூண்டு தா."

"ஒங்கட வீட்டில புகைக்கூடு இல்ல, காக்கா."

"புகைக்கூடு இல்லாட்டிக் குளிராதா?"

அவன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். நான் விடவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"காக்கா, சுணங்காம வாங்கிக்கொண்டு நகருங்க. வெயில் சுடுது."